தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம்

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. பேராயர்களின் கீழ் இயங்கிய ஆங்கிலிக்கன் சபை, பேராயர் பதவியையே ஏற்காத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் மரபுகளோடு ஒரே அமைப்பாகச் சேர்ந்தது உலகிலேயே இதுதான் முதல் முறை என்பர். இதற்கு 28 ஆண்டுகள் பிடித்தன. திரித்துவத்தைப் பற்றியோ வேதத்தைப் பற்றியோ பெரிய பிணக்கு இல்லை. யாருடைய குருப்பட்டம் செல்லும் என்பதே கேள்வி. ஆகவே தாழ்மையைப் போதித்த சபைகள் தத்தம் பெருமையை எவ்வளவு தூரம் இறக்கிவைத்தன என்பதன் வரலாறாக இதைப் படிப்பதே பொருத்தம்.

அந்தப் பெருமை இரவல் பெருமை. 19ஆம் நூற்றாண்டில் மிஷன்கள் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையாதபடி வட்டாரங்களைப் பிரித்துக்கொண்டதால், திருநெல்வேலியில் மனந்திரும்பியவர் ஆங்கிலிக்கன் ஆனார். மதுரையில் திரும்பியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தார். கொள்கையைத் தேர்ந்தவர் யாருமில்லை, ஊர்தான் தேர்ந்தது. சாதிப் பெருமையோ உள்ளூர்ச் சரக்கு: சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். ஆயினும் சபைகள் ஒன்றுசேரத் தொடங்கின: 1908இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன.

1919 மே மாதம், மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில் ஐக்கியத்தைப் பற்றிப் பேச 33 பேர் கூடினர். இருவர் தவிர எல்லாரும் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. 1912இல் தோர்ணக்கல் பேராயரான அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். கிறிஸ்தவ நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், இங்கோ அது பாவம் என்பது அவர் உறுதி. மறு ஆண்டு பேச்சுவார்த்தை தொடங்கியது. 1925இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டனர். அப்போஸ்தலர் காலம் முதல் அறுபடாமல் வந்த பேராயர் வரிசை தங்களிடம் இருப்பதாக ஆங்கிலிக்கர் கருதினர். பேராயர் கைவைக்காத குருவானவரும் குருவானவரே என்றனர் மற்றவர்கள். சபையின் சுதந்திரத்தைப் பற்றி இவர்களுக்கிருந்த பெருமையும் குறைந்ததல்ல. அதற்கு மனச்சாட்சி என்று பெயர், அவ்வளவே. கடைசியில் கண்ட வழி எளியது. யாரும் தங்கள் பழைய பட்டத்தைப் பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டாம்; யாருக்கும் மறுபட்டம் இல்லை. இனிவரும் பட்டங்கள் பேராயர் கையால். பழைய பட்டமும் புதிய பட்டமும் சேர்ந்திருக்க 30 ஆண்டு இடைக்காலம். தன் சபை ஒப்புதல் அளிக்கும் முன், 1945 ஜனவரி 1 அன்று அசரியா காலமானார்.

இது தாழ்மையல்ல, வெறும் சமரசம் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். வார்த்தைகளைத் தெளிவின்றி விட்டுக் கட்டிய ஒற்றுமை என்ற குற்றச்சாட்டை அடியோடு தள்ள முடியாது. ஆனால் தெளிவு வரட்டும் என்று காத்திருந்தால், ஒரு தரப்பு தன் முன்னோரின் ஊழியத்தைச் செல்லாதென்று சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். அத்தகைய தெளிவு வென்றவனின் தெளிவு. ஐக்கியத்துக்குக் காரணம் தேசிய உணர்வே என்பாரும் உண்டு. ஓரளவு உண்மையாகலாம், எனினும் சுதந்திரத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே திட்டம் அச்சில் வந்துவிட்டது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

தொடக்க ஆராதனைக்குத் தலைமை வகித்தவர் திருவிதாங்கூர்-கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப். அன்று ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றனர். பேராயரே வேண்டாமென்ற மரபில் வளர்ந்தோரும் அவர்களில் இருந்தனர்: யாழ்ப்பாணத்துக்கு ச. குலேந்திரன், மதுரை-இராமநாதபுரத்துக்கு 37 வயது லெஸ்லி நியூபிகின். 1950இல் வந்த திருவிருந்து முறைமையில் குருவானவர் மேசைக்குப் பின்னால், மக்களைப் பார்த்து நிற்கிறார். சிரிய மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து பீடத்திலிருந்து கைக்குக் கை மாறிக் கடைசி வரிசைவரை போகிறது. வாங்கிய கையே அடுத்தவருக்குக் கொடுக்கும் கை. இத்தனை ஆண்டுத் தீர்மானங்களைவிட இச்சிறு சடங்கே ஐக்கியத்தை நன்கு விளக்குகிறது எனலாம்.

ஆனாலும் ஐக்கியம் முழுமையாகவில்லை: எதிர்பார்க்கப்பட்ட லுத்தரன் சபைகளின் இணைப்பு நடக்கவில்லை. சாதியைப் பற்றி ஐக்கியப் பேச்சின் ஆவணங்கள் சொல்வது சொற்பம். கமிட்டிக் குறிப்புகள் பெருகியிருக்கும் அளவுக்குக் கிராமச் சபைகளின் குரல் பதிவாகவில்லை. அண்மையில் பதவித் தேர்தல்கள் நீதிமன்றம்வரை சென்றுள்ளன. 1947இல் சேர மறுத்து வெளியே நின்ற நந்தியாலின் ஆங்கிலிக்கர் 1975இல் இணைந்தனர். திருச்சபையின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013இல் பொறுப்பேற்றது அந்த நந்தியால் பேராயத்தில்தான்.