பெருவெள்ளமும் திருத்திய வரவு செலவுத் திட்டமும்

கோலா தெர்லா போன்ற மலையூர்களில் பேரிடரின் வரலாறு மண்ணிலிருந்தே தொடங்குகிறது. 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழையால் நிறைந்த சுல்தான் அபூபக்கர் அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பலிகொண்டது. காய்கறித் தோட்டங்களுக்காகத் திறந்துவிடப்பட்ட சரிவுகளில் கரைந்த மண், அந்நீர்த்தேக்கத்தை நெடுங்காலமாகத் தூர்த்து வந்திருந்தது.

மறு ஆண்டு டிசம்பரில் கிளந்தான், பகாங், திரெங்கானு மாநிலங்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வெளியேறினர். அவ்வேளை ஹவாயில் அதிபர் ஒபாமாவுடன் கோல்ஃப் ஆடியதற்காகக் கண்டனம் எழ, பிரதமர் நஜிப் விடுப்பைக் குறைத்துத் திரும்பினார். நாம் கருத வேண்டுவது அதுவன்று. 2015 ஜனவரி 20இல் அவர் வெளியிட்ட திருத்தங்களே. எண்ணெய் விலைக் கணிப்பு பீப்பாய்க்கு 100 டாலரிலிருந்து 55 டாலராக இறங்கியது. தேசிய சேவைப் பயிற்சி அவ்வாண்டுக்கு நிறுத்தப்பட்டது. ஆயினும் பள்ளிகள், சாலைகள், பாலங்கள் முதலியவற்றைச் சீரமைக்க 800 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது, பற்றாக்குறை 3.2 விழுக்காடாக உயர்வதையும் அரசு ஏற்றது.

இம்முன்னுரிமை தக்கதே என்பது என் கருத்து. ஆனால் அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். உடைந்த பாலத்தைக் கட்டக் கூட்டரசு பணம் தரலாம். அதை உடைத்த மண் எச்சரிவிலிருந்து வந்ததோ, அச்சரிவின் உரிமம் வேறு அலுவலகத்தில் இருந்தது.