குறி பிசகிய வரலாறு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்னும் பழமொழியை, புதிதாக வாங்கிய இலக்குத் துப்பாக்கி குறி பிசகுகிறது என்று முறையிடுகிற எவரிடமும் சொல்லத்தான் நமக்கு முதலில் தோன்றும். ஆயினும், தோட்டாவின் அடிவிளிம்பில் தீமூட்டும் மருந்தை வைத்துச் சுடுகிற சிறு ரைபிளின் சரித்திரத்தைப் பொறுமையுடன் புரட்டுவோருக்கு, கூடமும் பல சமயங்களில் மெய்யாகவே கோணலாக இருந்திருக்கிறது என்பது புலப்படும்.

1845-இல் பிரெஞ்சுக்காரரான ஃப்ளோபேர், வெடிமூடி ஒன்றின் வாயில் சிறு ஈயக் குண்டைப் பொருத்தி, சீமான்கள் வீட்டுக்குள்ளேயே சுட்டு விளையாடுவதற்கு வழி செய்தார். அந்த விளையாட்டுப் பொருள் படிப்படியாக வளர்ந்து, 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனியாரிடம், 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள குண்டைத் தாங்கிய 'லாங் ரைபிள்' தோட்டாவாக உருவெடுத்தது. போயர் யுத்தத்தில் ஆங்கிலச் சிப்பாய்களின் குறி எத்தனை மோசம் என்பதைக் கண்டு மனம் வெதும்பிய தளபதி ராபர்ட்ஸ் பிரபு முதலானோரின் ஊக்கத்தால், 1901-இல் தொழிலாளர் ரைபிள் கழகங்களின் சங்கம் தோன்றவே, செலவு குறைந்த இந்தச் சிறு தோட்டா, 25 கஜ தூரத்துக் காகித இலக்கின் முன் சாமானிய மக்களையும் கொண்டுவந்து படுக்க வைத்தது.

இலக்கு சிறியதாகச் சிறியதாக, குற்றம் யாருடையது என்ற விவகாரமும் பெரியதாயிற்று. சுடுபவனை அந்த வழக்கிலிருந்தே விலக்கிவிட்டால் என்ன என்று எண்ணியவர், மாசசூசெட்ஸைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க்ளின் மான். கான்கிரீட் தூண் ஒன்றின்மேல் துப்பாக்கிக் குழலை அசையாது கிடத்தி ஆண்டுக்கணக்கில் சுட்டு, 1909-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவர் கையாண்டவை பெரும்பாலும் பெரிய ரகத் துப்பாக்கிகளே. எனினும், குண்டின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்தாலும் குறி அதிகம் கெடுவதில்லை, அதன் அடிப்பாகத்தில் பழுது நேர்ந்தாலோ குண்டு விலகிப் போய்விடுகிறது என்று அவர் கண்டது, ஈயக் குண்டு அனைத்துக்கும் பொருந்துகிற உண்மை.

சிறு தோட்டாவுக்கோ இன்னொரு தோஷம் பிறவியிலேயே அமைந்தது. ஈரமான தீமூட்டு மருந்தைத் துளியாக உள்ளே இட்டு, வெறுங்கூட்டைச் சுழற்றினால்தான் மருந்து விளிம்பின் மடிப்புக்குள் புகும். அது எங்கும் ஒரே சீராகப் பரவாமல் ஓரிடத்தில் மெலிந்து நின்றால், தீப்பற்றும் வேகம் மாறி, குண்டின் வேகமும் மாறும். வினாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் போக வேண்டிய குண்டு 10 மீட்டர் குறைந்து போனால், 50 மீட்டர் தூரத்தில் அது சுமார் 7 மில்லிமீட்டர் தாழ்ந்து படும். அங்கே இன்றைய சர்வதேச இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். காற்றையும், தன் மூச்சையும் வீணாகப் பழித்துக்கொண்டிருந்த சுடுநர்களை எண்ணினால் எனக்குப் பரிதாபமே மேலிடுகிறது.

குழலும் நிரபராதியல்ல. பழைய தீமூட்டு மருந்திலிருந்த குளோரேட், வெடித்தபின் ஈரத்தை ஈர்க்கும் உப்பாகக் குழலுக்குள் படிந்து, உடனே துடைக்காவிட்டால் துருவேற்றிவிடும். 1920-களில் துருப்பிடிக்காத மருந்து வந்த பிறகே அந்தச் சங்கடம் தீர்ந்தது. 1919-இல் நியூ ஜெர்சியின் கால்டுவெல் போட்டிகளில் அறிமுகமான வின்செஸ்டர் 52 போன்ற கனத்த இலக்கு ரைபிள்களில் வேறொரு தொல்லை: மழைக்காலத்தில் மரக்கட்டை ஊதி, இரும்பை ஒரு பக்கமாக நெருக்கும். ஆதலால் புது ரைபிள் சிதறிச் சுட்டால், குழலைக் குறை சொல்லுமுன், கட்டையின் திருகாணிகளையும் பார்வைக் குறியின் பிடிப்பையும் சோதித்துப் பார்ப்பது விவேகம். தோட்டாவை மாற்றினாலும், பழைய தோட்டா குழலில் விட்ட மெழுகுப் பூச்சு போய்ப் புதியதன் பூச்சு படியும்வரை தீர்ப்புச் சொல்லலாகாது.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது ராசி என்று சொல்லத்தக்க ஒன்று. ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு குழல்களில் ஒன்று விரும்புகிற தோட்டாத் தொகுப்பை மற்றது வெறுக்கும். இதை உணர்ந்த ஈலி முதலிய தோட்டாக் கம்பெனிகள், வாடிக்கையாளரின் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி, தொகுப்பு மாற்றித் தொகுப்பாகச் சுட்டுக் காட்டுகின்றன. தேறிய தொகுப்பை ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் மறுபடி அதே சோதனைக்கு வந்து நிற்க வேண்டியதுதான்.