கணு

யோங் பெங் வட்டாரத் தோட்டங்களில் மரம் என்றால் பால்மரம், இல்லாவிட்டால் செம்பனை. லினக்ஸ் கெர்னல் தரவுகளை அடுக்கிவைக்கும் மரமோ தலைகீழ்: வேர் மேலே, இலைகள் கீழே. வழி கிளைக்கும் இடம் கணு. கரும்பிலும் மூங்கிலிலும் காணும் அதே கணுதான். ஆங்கில ‘நோட்’டும் முடிச்சைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்ததே.

கணுவுக்குள் இருப்பவற்றுக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல்.

கெர்னலின் பழைய ரேடிக்ஸ் மரத்தில், சுட்டி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண் இருந்தால் அதை ‘விதிவிலக்குப் பதிவு’ என்றார்கள். எந்த விதிக்கு விலக்கு? பெயர் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் வெளியான 4.20 பதிப்பில், ரேடிக்ஸ் மரத்துக்கு மாற்றாக மேத்யூ வில்காக்ஸ் எழுதிய எக்ஸ்அரே அதை ‘மதிப்புப் பதிவு’ ஆக்கியது. பதிவுகளுக்கு இடும் அடையாளமான ‘டேக்’, ‘மார்க்’ ஆனது. நல்ல திருத்தம். மரம் என்ற சொல்லும் பெயரிலிருந்து உதிர்ந்தது. உள்ளமைப்பு என்னவோ இன்னும் கணுக்களால் ஆன மரம்தான்.