சூர்ப்பணகைக்கு ஒரு மகன்

கம்பனின் சூர்ப்பணகை பஞ்சவடிக்குள் ஆசையோடு நுழைகிறாள். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் நடக்கும் நிழற்பாவைக் கலையான தோல்பாவைக்கூத்தில் அவள் வருவதற்கு முன்பே அங்கே ஓர் உயிர் போய்விடுகிறது. காட்டில் தவமிருந்த அவள் மகன் சம்புகுமாரனை இலக்குவன் அறியாமல் வெட்டிவிடுகிறான். கம்பன் பாடாத இந்த நிகழ்ச்சி விமலசூரியின் பிராகிருத 'பௌமசரிய' முதலான சமண இராமகதைகளில் உண்டு. தென்னிந்திய நாட்டார் கதைகளிலும் உண்டு. கம்பன் பாடல்களையே மூலமாகக் கொண்ட ஒரு கூத்துக்குள் இது எப்படி இடம் பிடித்தது? கதை கேட்டவர்களின் ஒரு கேள்விக்கு விடையாகத்தான் வந்திருக்கும் என்பது என் கருத்து. ஆசை மறுக்கப்பட்டு மூக்கறுபட்ட ஒருத்தியின் கோபம் மட்டுமே இலங்கை எரியக் காரணமா, அவளுக்கென்று ஒரு நியாயம் இருந்திருக்காதா என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்த தாய் என்றதும் அவள் பகைக்கு எடை கூடிவிடுகிறது. ஒரு கதையில் மனம் தோய்ந்தவர்கள் அதில் விடுபட்டதைக் கேட்பார்கள், கேட்டதில் சில கதைக்குள் நிலைத்துவிடும். இன்றைய கணினி விளையாட்டு ரசிகர்கள் புதுப்புது அம்சங்கள் கேட்டுப் பட்டியல் போடுவதற்கு வெகுகாலம் முன்பே பாலக்காட்டுப் பாரதப்புழை ஆற்றங்கரையில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு அங்கே ஒரு முறையே உருவாகியிருந்தது.

இந்தக் கூத்துக்குக் கம்பனைக் கொண்டுபோனது, பாலக்காட்டுக் கணவாய் வழியே நெசவாளரோடும் வணிகரோடும் மேற்கே நடந்த தமிழ். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் இந்தக் கூத்து நடக்கும். அதற்கென்றே கோயிலுக்கு எதிரில் கூத்துமாடம் என்ற நிலையான மேடை உண்டு. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் விளக்கு எரியும். பத்திரகாளி தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போனது, அவள் காண்பதற்காகவே இந்தக் கூத்து என்பது ஐதீகம். சில கோயில்களில் 7 இரவு, சிலவற்றில் 14, சிலவற்றில் 21 இரவு. ஆட்டுவிப்பவர்களுக்குப் புலவர் என்ற பட்டம் உண்டு. அது வெறும் மரியாதைப் பெயரன்று. ஆயிரக்கணக்கான பாடல்களை நெஞ்சில் ஏற்றி, சொல் சொல்லாக உரை சொல்லத் தெரிந்தவருக்கே அது பொருந்தும்.

இந்த உரைப்பகுதிக்கு ஆடல்பற்று என்று பெயர். கூத்தின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடல் தமிழில், மனப்பாடமாக, கட்டுக்குலையாமல் வரும். அதைத் தொடர்ந்து தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் ஒரு பாவை கேட்க மற்றொரு பாவை விடை சொல்லும். அங்கே இலக்கணம் வரும், புராணக் கிளைக்கதை வரும், தருமத்தைப் பற்றிய தர்க்கம் வரும். ஒரே பாட்டுக்கு ஒரு புலவர் சில நிமிடங்கள் உரை சொல்ல, இன்னொருவர் அதை நெடுநேரம் விரித்துக்கொண்டே போவார். பாட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடு. உரையில் அவரவர் படிப்புக்கேற்ற சுதந்திரம். ஊராருக்கும் இதில் பங்கு உண்டு. கூத்தின் தொடக்கத்தில் திரையில் தோன்றும் பட்டர் என்னும் பிராமணப் பாவைகள், அன்றைய இரவுக்குக் காணிக்கை தந்தவர்களைச் சொல்லி வாழ்த்தும். பணம் தந்தவர் தன் பெயரைக் காவியத்தின் வாசலிலேயே கேட்பார்.

இதை நினைக்கும்போது 2012இல் அமெரிக்காவில் நடந்த ஒன்றை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அணுப்போருக்குப் பிந்தைய உலகில் வாழ்ந்து பார்க்கும் 'வேஸ்ட்லாண்ட்' என்ற கணினி விளையாட்டு 1988இல் வந்தது. அதன் தொடர்ச்சிக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ரசிகர்களிடமே, முதல் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஃபார்கோ நிதி கேட்டபோது, 61 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 29 இலட்சம் டாலர் தந்தார்கள். 2014இல் இரண்டாம் பாகம் வெளியானது. அதே மரபில் வந்த 'ஃபால்அவுட் 76' சொல்லும் செய்தி இன்னும் கூர்மையானது. 2018இல் அது வெளியானபோது விளையாடுபவர்களைத் தவிர அந்த உலகில் உயிருள்ள மனிதப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் இயந்திரங்களும் இறந்தவர்கள் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளுமே பேசின. பேச மனிதர்கள் வேண்டும் என்ற குறை பரவலாக எழுந்தது. 2020 ஏப்ரலில் 'வேஸ்ட்லாண்டர்ஸ்' என்ற சேர்க்கையோடு மனிதர்கள் அங்கே திரும்பினார்கள். ரசிகர்கள் கேட்பதில் பெரும்பகுதி இன்னொரு துப்பாக்கி, இன்னொரு உடை என்ற அளவில் நின்றுவிடும். மனிதர்கள் வேண்டும் என்ற கோரிக்கை அந்த ரகமன்று. ஒரு வேடம் ஏற்று வாழ வேண்டுமானால் கேள்விக்குப் பதில் சொல்ல எதிரில் ஒருவர் வேண்டும் என்ற அடிப்படையிலிருந்து அது பிறந்தது. சம்புகுமாரனும் இந்த வகைச் சேர்க்கைதான்.

பாவைக்கூத்துக்கு ரசிகர் ஏது என்று ஒருவர் மறுக்கலாம். பல இரவுகளில் மாடத்துக்கு முன்னால் ஒருவருமே இருப்பதில்லை என்பது உண்மை. 1996இல் இக்கூத்தைப் பற்றி நூலெழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதிலிருந்தே தம் ஆய்வை வளர்த்தார். வெளியே கேட்பவர் இல்லாததால் திரைக்குப் பின்னால் புலவர்களே ஒருவருக்கொருவர் கேட்பவர்களாகிவிடுகிறார்கள் என்பது அவர் முடிவு. இது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. மிக நுட்பமான ரசிகர் கூத்தின் உள்ளேயே இருக்கிறார். பக்கத்தில் நிற்கும் புலவர் திடீரென்று தொடுக்கும் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாவிட்டால் அவமானம், சொல்லத் தெரிந்தால் அந்த விடை அடுத்த தலைமுறைக்குப் பாடமாகும். அந்த வேலையை வெறும் கூட்டத்தால் செய்ய முடியாது.

சேர்த்துக்கொண்டே போனால் கம்பன் என்ன ஆவது என்ற அச்சம் இதைவிட நியாயமானது. ஆனால் கம்பன் ஏடுகளிலேயே பிறர் பாடிச் சேர்த்தவை ஏராளம், பதிப்பாசிரியர்கள் அவற்றை மிகைப்பாடல்கள் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். சேர்ப்பதைத் தடுத்து யாரும் கம்பனைக் காப்பாற்றவில்லை. எது அவன் பாட்டு, எது பிறர் பேச்சு என்ற வேறுபாட்டை மறக்காமல் இருந்ததுதான் காப்பாற்றியது. பாவைக்கூத்து அந்த வேறுபாட்டைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டே புதிய மாற்றங்களையும் பார்க்க வேண்டும். ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையின் கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். காந்தியின் கதையும் இயேசுவின் கதையும் திரைக்கு வந்தன. பெண்கள் தனிக்குழுவாக ஆட்டுகிறார்கள், இயந்திரக் கைகள் பாவையை அசைத்தும் பார்த்தாயிற்று. இவற்றில் பெண்கள் வந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அது கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இயந்திரத்தை அப்படி மதிக்க முடியவில்லை. அது கையை அசைக்கும், சக புலவரை மடக்காது. ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய மேடை நிகழ்ச்சியில் முதலில் வெட்டப்படுவதும் ஆடல்பற்றுதான். நிழல் தப்பிவிடுகிறது, வாதம் போய்விடுகிறது. கம்பன் விழா நடத்தும் கழகங்கள் பட்டிமன்றத்துக்குத் தரும் நேரத்தில் ஒரு முழு இரவை இந்தப் புலவர்களுக்கு ஒதுக்கட்டும். உரையைக் குறைக்கச் சொல்லாமல், எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தெரிந்தவர்களையும் அழைத்து வரட்டும்.