வரிசையில் கிடக்கும் வேலைகள்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஓர்தினத்தேர்' என்று பெயர். 1955-இல் பிரான்சு ஐ.பி.எம். நிறுவனம் கேட்டதற்கு இணங்க, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சூட்டிய பெயர் அது. 'ஒழுங்குபடுத்துபவர்' என்று பொருள். கணக்குப் போடுவதைவிட எதை முதலில் எடுப்பது என்பதே பெரிய வேலை என்று ஃபைல்களோடு காலம் தள்ளிய எங்களுக்குத் தெரியாதா!

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கோர்பட்டோ குழுவினர் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி செய்தார்கள். ஒருவர் மணிக்கணக்கில் ஓடும் கணக்கைக் கொடுத்தால் மற்றவர் கதி என்ன? நேரத்தைத் தின்னும் வேலை தானாகவே கீழ் வரிசைக்கு இறங்கும்படி வைத்தார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மனியின் உதவியால் ஐ.பி.எம். 370/155 வந்தது 1973-இல். அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருந்த காலம். அதே ஆண்டு யூனிக்ஸின் நான்காம் பதிப்பில் 'நைஸ்' என்ற கட்டளை வந்தது. நல்லவனாக நடந்துகொள் என்பதுதான் அதன் கருத்து. 'என் வேலை பெரிது, அவசரமில்லை, மற்றவர்கள் முன்னால் போகட்டும்' என்று நாமே சொல்லிவிடலாம். இன்றைய லினக்ஸில் இந்த எண் -20 முதல் 19 வரை. எண் கூடினால் முன்னுரிமை குறையும். எண்ணைக் கூட்ட எவராலும் முடியும்; பூஜ்யத்துக்குக் கீழே இறக்க நிர்வாகியின் அனுமதி வேண்டும். நம் சேலம்–ஆத்தூர் சாலையில் பாரம் ஏற்றிய லாரி ஒதுங்கிப் பஸ்ஸுக்கு வழிவிடுவதைப் போலத்தான்.

ஆனால் வழிவிட்டுக்கொண்டே இருந்தால் லாரி எப்போது ஊர் போய்ச் சேரும்? 1973-இல் எம்.ஐ.டி.யின் பழைய 7094 கம்ப்யூட்டரை நிறுத்தியபோது, 1967-இல் கொடுத்த ஒரு வேலை ஓடாமலே கிடந்ததாகப் பாடப்புத்தகங்களில் ஒரு செவிவழிக் கதை உண்டு. இந்தப் பட்டினிக்கு மருந்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். காத்திருக்கும் நாள் கூடக் கூட முன்னுரிமையும் கூடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வயதாதல்'.

என் ஓய்வூதியத் திருத்த ஃபைல் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. 'அவசரம்' என்று சீட்டு ஒட்டிய ஃபைல்கள் அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அங்கேயும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். ஒழுங்குபடுத்துபவர்தான் இன்னும் வரவில்லை.