வில்லியம்ஸ், ராபின் (1951–2014)

அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர், திரைப்பட நடிகர். 1951 ஜூலை 21 அன்று சிகாகோவில் பிறந்தார். தந்தை ஃபோர்டு கார் நிறுவனத்தில் உயர் அதிகாரி. நியூயார்க்கின் ஜூலியார்டு கலைப்பள்ளியில் நாடகம் பயின்று, 1976இல் இடையிலேயே வெளியேறினார். சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் நகைச்சுவை அரங்குகளில் பெயர் பெற்ற அவர், 'மார்க் அண்ட் மிண்டி' (1978–82) தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரகவாசியாக நடித்து நாடறிந்தவரானார்.

எழுதிக் கொடுத்த வசனத்தோடு நில்லாமல், அந்தக் கணத்தில் தோன்றியதைக் குரல் மாற்றி மாற்றிக் கொட்டுவது அவர் பாணி. 'குட் மார்னிங், வியட்நாம்' (1987) படத்தின் வானொலிக் காட்சிகளில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததே. 'அலாவுதீன்' (1992) படத்தில் பூதத்துக்குக் குரல் கொடுத்தபோதும் இதே கதைதான். அவர் பேசியதற்கேற்ப ஓவியர்கள் வரைந்தார்கள். 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) தமிழர்களுக்கு அந்நியமல்ல. கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' (1996) அதன் தாக்கத்தில் உருவானது.

ஆனால் அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது நகைச்சுவை அல்ல. 'குட் வில் ஹண்டிங்' (1997) படத்தில் ஏற்ற, மனைவியை இழந்த உளவியல் சிகிச்சையாளர் வேடம் (சிறந்த துணை நடிகர்). 2002இல் வந்த 'இன்சோம்னியா', 'ஒன் ஹவர் ஃபோட்டோ' இரண்டிலும் அச்சமூட்டும் மனிதராக நடித்தார். அவற்றுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

2014 ஆகஸ்ட் 11 அன்று கலிபோர்னியாவில் தற்கொலை செய்துகொண்டார். லூயி உடல் மறதிநோய் அவர் மூளையைப் பாதித்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது.