வெட்டப்பட்ட வரிகள்: தமிழ்த்தாய் வாழ்த்தை முன்வைத்து

ஒரு நாடகப் பாட்டு நாடகத்தை விட்டு வெளியேறிய பிறகு அதன் சொற்களுக்கு யார் எஜமானர்? பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் லிட்டன் எழுதிய கதையொன்றைத் தழுவிய செய்யுள் நாடகம். மேடை ஏறியதைவிடப் படிக்கப்பட்டதே அதிகம். அதன் பாயிரத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கமோ பள்ளிக்கூடம் தொடங்கிச் சட்டமன்றம் வரை ஒலிக்கிறது. நாடகம் மறந்துபோச்சு, வணக்கம் தங்கிவிட்டது.

தங்கியதும் முழுசாகத் தங்கவில்லை. 1970இல் தி.மு.க. அரசு இதை அரசு விழாக்களுக்கான வாழ்த்தாக ஏற்றபோது நடுவிலிருந்து மூன்று விஷயங்கள் வெட்டப்பட்டன. உலகங்களைப் படைத்தும் அழித்தும் தான் மாறாதிருக்கும் பரம்பொருள் என்னும் உவமை ஒன்று. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழின் வயிற்றில் பிறந்தவை என்ற உரிமைகோரல் இரண்டு. ஆரியம்போல் தமிழ் வழக்கொழிந்து போகவில்லை என்ற ஒப்பீடு மூன்று. எம்.எஸ். விசுவநாதன் மெட்டமைக்க, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினார்கள். வெட்டுப்பட்ட வடிவமே ‘பாட்டு’ ஆயிற்று.

இந்த வெட்டு பிரதியை என்ன செய்தது? மூலத்தில் தமிழின் இளமையை வியப்பதற்குக் காரணம் இருக்கிறது: இத்தனை பிள்ளை பெற்றும் தளராதவள், வழக்கிறந்த மொழிபோல் ஆகாதவள். அரசுப் பிரதியில் காரணம் போய் வியப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏன் வியக்கிறோம் என்று தெரியாமலே வியக்கிறோம். வாதம் சடங்காவது இப்படித்தான்.

அப்படியானால் 1970 வெட்டு தப்பா? தப்பு என்கிற தமிழ்ப் பற்றாளர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஒரு குடும்பத்து மொழிகளாக இருந்தவை, சுந்தரம் பிள்ளையின் செய்யுளில் தமிழின் மகள்களாகிவிடுகின்றன. தாய் என்ற சொல் இங்கே பாசத்தின் பெயரில் செலுத்தப்படும் அதிகாரம். நான் இருக்கும் பள்ளிக்கரணையில், பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். குடியிருப்பு விழாவில் வாழ்த்துக்கு எழுந்து நிற்கிற அந்த அம்மாவைப் பார்த்து, ‘உன் பாஷை எங்க வயித்துல பொறந்தது’ என்று பாட முடியுமா? கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று 2025 மே மாதம் கமல்ஹாசன் பேசியதும் ‘தக் லைஃப்’ கர்நாடகத்தில் வெளியாகாமல் போனதும் தெரிந்த கதை. அந்த எதிர்ப்பின் முரட்டுத்தனம் வேறு விஷயம். ஆனால் வெட்டப்பட்ட வரி செத்துவிடவில்லை, நமக்குள் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

சொல்லை மாற்றுவதே குற்றமில்லை. அமெரிக்க இசைநாடகமான ‘ஷோ போட்’ (1927) மிசிசிப்பி நதியைப் பற்றிய பாட்டு ஒன்றால் புகழ்பெற்றது. அதன் தொடக்கத்தில் கறுப்பர்களை இழிவாகச் சுட்டிய சொல் இருந்தது. பிந்தைய மேடைகளில் அது படிப்படியாக மாறியது. பால் ராப்சன் அதோடு நிற்கவில்லை. வாழச் சலித்தவன், சாகப் பயந்தவன் என்ற புலம்பலைச் சாகும்வரை போராடுவேன் என்று 1930களின் பிற்பகுதியிலிருந்து மாற்றிப் பாடினார். யாரைப் பற்றிய பாட்டோ அவர்களில் ஒருவர், சபைக்கு முன் நின்று, தன் குரலில் மாற்றினார். மாற்றம் ஒளிவுமறைவில்லாதது, அது கீழிருந்து வந்தது.

நம் கதையில் மாற்றம் மேலிருந்து வருகிறது. 2021 டிசம்பரில் இது மாநிலப் பாடல் என அறிவிக்கப்பட்டது: மோகன ராகம், 55 விநாடி, மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இசைத்தட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. குரல் திரும்பி வந்தது. கூடவே விடுபடுதலின் சாத்தியமும்.

2024 அக்டோபர் 18. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் இந்தி மாத நிறைவு விழா. மேடையில், திராவிடம் என்ற கருத்தைப் பலமுறை கேள்விக்குள்ளாக்கிய அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி. திராவிட நாட்டைச் சொல்லும் வரி மட்டும் பாடப்படவில்லை. பாடியவர்களின் கவனச்சிதறல் என்று சொல்லித் தூர்தர்ஷன் வருத்தம் தெரிவித்தது. வேண்டுமென்று செய்ததா இல்லையா என்று எல்லோரும் சண்டை போட்டோம். பிரதியை யாரும் பார்க்கவில்லை. பாடலில் பரதக்கண்டம் முகம், தெக்கணம் நெற்றி, திராவிட நாடு திலகம், தமிழ் அத்திலகத்தின் மணம். அந்த வரியை எடுத்துவிட்டால் நெற்றியும் திலகமும் இருக்கும், எந்த மண்ணுடையவை என்பது இருக்காது. பெயரில்லாத அலங்காரம். பண்பாட்டு தேசியம் நம்மிடம் கேட்பதும் ஏறக்குறைய அதுதானே?

இரண்டு வெட்டுகளும் ஒன்றல்ல. 1970 வெட்டு மற்றவர்மேல் நாம் கோரிய உரிமையை விட்டுக்கொடுத்தது. 2024இல் விடுபட்டது நம் இருப்பின் பெயர். ஆனால் முதல் வெட்டைப் பற்றிப் பேசாமல் இருந்த பழக்கம், இரண்டாவதை வெறும் உணர்ச்சிப் பிரச்சினையாக்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் வாழ்த்துக்குக் கீழே விடுபட்ட வரிகளையும், ஏன் விடப்பட்டன என்பதையும் அச்சிடலாம். பிள்ளைகள் பாட வேண்டாம், படிக்கட்டும். எதை வெட்டினோம் என்று தெரிந்தவர்கள்தான் அடுத்த வெட்டு விழும்போது கண்டுபிடிப்பார்கள்.